கெண்டம்மா நூல்

பொறாமையை மனசுக்குள் மடித்து வைத்துக்கொள்ள முடிந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். எனக்கு அது நூலாக வெளியே வந்தது. ராஜபாளையத்தில் பாதிப் பேர் அதை முழம் போட்டுப் பார்த்தார்கள், மீதிப் பேர் அதில் துணி காயப்போட்டார்கள்.

முதலில் கெண்டம்மா எப்படி வந்தாள் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் மில்லுக்குப் புது வைண்டிங் மெஷின் வந்த வருஷம், அதை மாட்டிக்கொடுக்க ஜப்பானில் இருந்து ஓர் ஆள் வந்தார், மூன்று வாரம் தங்கினார், மூன்று வாரமும் எங்கள் கேன்டீன் சாம்பாரில் வியர்த்தார், போகிற அன்றைக்கு, அறுந்த இழையை மெஷினை விடச் சீக்கிரம் முடிச்சுப் போட்டுக் காட்டியவள் என்பதற்காக என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பைக்குள் இருந்து ஒரு மரச்சாமானை எடுத்துக் கொடுத்தார். சுத்தியல் மாதிரி ஒரு கட்டை. ஒரு பக்கம் பெரிய கிண்ணி, மறுபக்கம் சின்னக் கிண்ணி, பிடியின் அடியில் இன்னொரு கிண்ணி, உச்சியில் கூராக ஒரு முனை. கட்டையோடு நூலால் கட்டிய சிவப்புக் குண்டு, குண்டில் ஒரு துளை. குண்டைத் தூக்கிப் போட்டுக் கிண்ணியில் ஏந்த வேண்டும். கெட்டிக்காரர்கள் கூர் முனையில் துளை வந்து உட்காரும்படி பிடிப்பார்கள். பேர் கேட்டதற்கு "கெண்டாமா" என்றார். எங்கள் காதில் கெண்டம்மா என்று விழுந்தது. பேர் அம்மா என்று முடிந்தால் எங்கள் ஊரில் வேறென்ன நடக்கும், வெள்ளிக்கிழமை பார்த்துக் குண்டுக்குக் குங்குமம் வைத்துவிட்டார்கள்.

அந்த ஒற்றைக் கெண்டம்மாவை வைத்துத்தான் நான் கூட்டம் சேர்த்தேன், சும்மா சேரவில்லை அது. முதல் சிப்ட் மூன்று மணிக்கு முடியும், வேன் நாலரைக்குத்தான் எடுப்பார்கள், அந்த ஒன்றரை மணி நேரம் மில் கேட்டுக்குப் பக்கத்துக் காலி சைக்கிள் ஷெட்டில் நின்று நான் ஒருத்தியாகக் குண்டைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன், பைத்தியம் என்றார்கள். குவாலிட்டி லேபில் நூல் சோதிக்கிற சுப்புத்தாய் மதினி, "வளந்த பொம்பள விளையாடுற விளையாட்டா இது?" என்று கேட்டுவிட்டு, கேட்ட வாயோடு கையை நீட்டினாள். கட்டில்கால் கடைகிற வேலாயுதத்திடம் மாதிரியைக் கொடுத்துப் பூவரசங்கட்டையில் ஏழு கெண்டம்மா செய்து வாங்கினோம், ஏழு பத்தொன்பது ஆயிற்று. குண்டு ஏற வேண்டுமென்றால் கையை ஆட்டிப் பிரயோசனமில்லை, முட்டியை மடக்கி எழ வேண்டும் என்று கண்டுபிடித்துச் சொன்னது நான். எட்டு மணி நேரம் நின்று மரத்துப்போன பத்தொன்பது ஜோடி முட்டிகள் அந்த ஷெட்டில் என் சொல்லுக்கு மடங்கி எழுந்தன. கூர் முனைக்கு மூக்கு என்று பேர் வைத்தது நான். மூக்கில் குண்டு உட்கார்ந்தால் மூக்குத்தி என்றதும் நான். முதல் மூக்குத்தி போட எனக்கு ஐந்து மாதமும் பதினோரு நாளும் ஆயிற்று, அன்றைக்கு ஷெட்டே கை தட்டியது, அதற்குப் பிறகு யாரும் என்னை ஜெயக்கொடி என்று கூப்பிடவில்லை, கெண்டம்மா என்றார்கள். வேன் டிரைவர் கூட அப்படித்தான் கூப்பிட்டார். ஒரு பெண்ணுக்கு அப்பன் வைத்த பேர் இருக்கும், தானாகச் சம்பாதித்த பேர் எத்தனை பேருக்கு இருக்கும்.

மாரிக்கனியைக் கூட்டிவந்ததும் நான்தான். சங்கரன்கோவில் பக்கத்துப் பிள்ளை, பேக்கிங்கில் புதுசு, கேன்டீனில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தனியாகச் சாப்பிடும். பாவம் பார்த்தேன். பாவம் பார்ப்பதற்கு நான் என்ன விலை கொடுத்தேன் என்பதுதான் இந்தக் கதை.

வந்த அன்றைக்கே என் கெண்டம்மாவைக் கையில் வாங்கி, "இதுல போய் நின்னாப் போதுமாக்கா?" என்று மூக்கைத் தொட்டுக் கேட்டாள். முட்டியை மடக்கினாள், எழுந்தாள், குண்டு மேலே போய் ஒரு மூச்சு நின்று, நேராக வந்து மூக்கில் உட்கார்ந்தது. முதல் தடவை. சத்தமே இல்லை, டக் என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன், என்னை விட யாரும் பலமாகத் தட்டவில்லை. கெண்டம்மா என் கைக்குத் திரும்பி வந்ததும், நான் கட்டையை உயர்த்திப் பிடித்தும் குண்டு தரையில் கிடந்தது. நூல் ஒரு முழம் நீண்டிருந்தது.

சுப்புத்தாய் மதினி கிட்டே வந்து நூலை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டி, முறுக்கைப் பிரித்து எண்ணினாள்.

"ஆறு பிரி. வலப்பக்க முறுக்கு. எந்த மில்லு நூலு இது?"

"என் நூலுதான் மதினி."

"பொறாமையா?"

"ஆமா."

"அதான பாத்தேன், கடை நூலுல இந்தப் பிடிப்பு வராது" என்று சொல்லி ஒரு துண்டு வெட்டப் போனாள், அவள் கத்தரிக்கு அது அறுபடவில்லை. என் இடுப்பில் தொங்குகிற கத்தரியால் நான் வெட்டிக் கொடுத்தேன், உடனே வந்தது. மறுநாள் லேபில் அதை இழுத்துப் பார்க்கிற மெஷினில் மாட்டினாள், முள் கடைசிக் கோடு வரைக்கும் போய் நின்றுவிட்டது, நூல் அறுந்துபோகவில்லை, மதினி நோட்டில் 'நன்று' என்று எழுதிவிட்டு டீக்குப் போனாள்.

அதற்குப் பிறகு எல்லாருக்கும்தான் நீண்டது, என் ஒருத்திக்கு மட்டும் இல்லை. பக்கத்து மெஷின்காரிக்குப் புதுச் சேலை என்றால் விரல்கடை, மதினிக்கு அவள் மருமகளின் சமையலைப் புகழ்ந்து மகன் பேசினால் ஒரு சாண், அவரவர் முறுக்கு வேறு வேறாக, அவரவர் கத்தரிக்கு மட்டும் அறுபடுகிற மாதிரி, வந்தது வந்தபடி வெட்டிப் போட்டுவிட்டு வேனுக்கு ஓடினார்கள். எனக்குத்தான் அது ஓயவில்லை. மாரிக்கனி இரண்டு மூக்குத்தி அடுத்தடுத்துப் போட்டால் அரை முழம். அவள் சிரித்ததற்குச் சுப்புத்தாய் மதினியும் சேர்ந்து சிரித்தால் ஒரு முழம். யாரோ கொண்டுவந்த சீடையை என்னைத் தாண்டி அவள் கையில் முதலில் வைத்தால் இரண்டு முழம். வேன் டிரைவர் ஒரு சாயங்காலம் ஹாரனை அடித்து, "கெண்டம்மா, ஏறும்மா, நேரமாச்சு" என்று கூப்பிட, நான் ஏறப் போய், அவர் மாரிக்கனியைப் பார்த்துக் கூப்பிட்டார் என்று தெரிந்தபோது பதினோரு முழம் வந்தது, டிபன் பையை மூட முடியாமல் மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தேன்.

இதில் என்னை அதிகமாகச் சுட்டது எதுவென்றால், மாரிக்கனியின் நூல் ஒரு தடவை கூட நீளவில்லை. வேலாயுதம் கொடுத்த அன்றைக்கு இருந்த அதே ஒன்றரைச் சாண். நான் தலைகீழாக நின்று மூக்குத்தி போட்டாலும், "சூப்பருக்கா" என்று மனசாரச் சொல்லுவாள், நூல் அசையாது. பார்த்துப் பொறாமைப்பட என்னிடம் ஒன்றுமே இல்லையா என்று எனக்கு ஆத்திரம் வரும், ஆத்திரத்துக்கு நூல் வராது, அதற்குப் பின்னால் வருகிற பொறாமைக்கு வரும்.

நூலை வீணாக்குகிற ஊரா எங்கள் ஊர். நான் தினமும் வெட்டிப் போட்ட நூலைச் சுப்புத்தாய் மதினி கோனில் சுற்றி ஷெட்டில் மாட்டினாள். கடைக்கயிறு இரண்டு வாரத்தில் நைந்துபோகும், என் நூலோ தேயவே தேயாது, அதனால் வேலாயுதம் கடைந்து கொடுக்கிற புதுக் கெண்டம்மாக்களுக்கெல்லாம் அதையே கட்டினார்கள். கைப்பிள்ளைக்காரி ஒருத்தி அதில் தூளி கட்டினாள், பிள்ளை நிம்மதியாகத் தூங்கியது. பூ கட்டுகிறவர்கள் வாங்கிப் போனார்கள். பத்தொன்பது அறுபது ஆயிற்று, கீழ மில்லில் இருந்தும் ஆள் வர ஆரம்பித்தது, அறுபது தொண்ணூறு ஆயிற்று. தொண்ணூறு குண்டும் தொண்ணூறு கட்டையோடு என் வயிற்றெரிச்சலால் கட்டப்பட்டிருந்தன. கூட்டம் என்னால்தான் நிற்கிறது என்று அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது, பொய் சொல்லவில்லை.

பிறகு ஒருநாள் நான் வழக்கத்தை விடச் சீக்கிரம் ஷெட்டுக்குப் போனேன். சுவருக்கு அந்தப் பக்கம் சுப்புத்தாய் மதினி வேலை பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு நீ, மாரிக்கனி கைவாகு பத்திச் சொல்லு. அக்கா காதுல விழணும். நாளன்னைக்கு நீ, முடி பத்தி. வேலாயுதம் நாப்பது கட்டை கடைஞ்சு வச்சுட்டு நூலு இல்லாம உக்காந்துருக்கான்."

"முடி பத்திப் போன வாரம் சொல்லிட்டம் மதினி" என்றது ஒரு குரல்.

அப்புறம் மாரிக்கனியின் குரல் கேட்டது. "போதும் மதினி. பாவம், அக்காவ விட்ருங்க."

இத்தனை நாளாக நான் எரிந்ததில் பாதி இவர்கள் ஏற்றிவைத்தது என்பது கூடப் பரவாயில்லை. அந்தப் 'பாவம்' என்னும் சொல். கேன்டீனில் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டவளைப் பார்த்து நான் நினைத்த அதே சொல், அவள் வாயில் இருந்து என் பக்கம் வந்தது. என் பையில் கெண்டம்மா துள்ளியது, பை கிழிந்தது, நூல் வந்தது, வந்துகொண்டே இருந்தது, ஷெட்டுக்குள் சுவரைச் சுற்றிக்கொண்டு அவர்கள் காலடிக்கே போனது. மதினி எட்டிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நூலைப் பார்த்தாள்.

"நாப்பது கட்டைக்கு இது தாராளமாக் காணும்" என்றாள். கோபித்துக்கொள் என்றும் சொன்னாள், கோபித்துக்கொண்டேன், எட்டு நாள் அவளோடு பேசவில்லை, மாரிக்கனியின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஒன்பதாம் நாள்தான் திருப்பூரில் இருந்து போன் வந்தது, மதினி பக்கத்தில் நிற்க, எடுத்தது நான். அங்கே ஒரு பெரிய மில்லின் பெண்கள் விடுதியில் வார்டனாக இருக்கிற ஓர் அம்மா பேசினார். விடுதியில் முந்நூறு பிள்ளைகள், வேலை விட்டால் கட்டில், கட்டில் விட்டால் வேலை என்று இருக்கிறார்கள், யாரோ செல்போனில் காட்டிய வீடியோவில் எங்கள் ஷெட்டைப் பார்த்தாராம். "அங்க கெண்டம்மான்னு ஒருத்தங்க இருக்காங்களாமே, அவங்கதான் இதெல்லாம் ஆரம்பிச்சு வச்சதாமே? ஒரு வருசம் இங்க அனுப்பி வைப்பீங்களா? இங்கயே வேலையும் போட்டுத் தந்துடறோம்" என்றார்.

அந்தப் பேருக்காக எத்தனை முழம் எரிந்திருப்பேன். அதை ஒரே மூச்சில் தூக்கிக் கொடுத்தேன். "ஆமாங்க, கெண்டம்மாங்கிறது மாரிக்கனிதான். அடுத்த வாரமே அனுப்பி வைக்கிறோம்" என்றேன். சொல்லும்போது நூல் அசையவில்லை. ஷெட்டு எனக்குத் திரும்பி வரும், சீடை முதலில் என் கையில் விழும், முட்டிகள் என் சொல்லுக்கு மடங்கும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது, வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மாரிக்கனி அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். மறுநாள் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்து, சோற்றைத் தொடாமல், "உங்க பேர எனக்குக் குடுத்தீங்களாமேக்கா, மதினி சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு அழுதாள். "எனக்குப் போகவே மனசில்ல. இங்கதான் நான் முத முதல்ல நாலு பேரோட உக்காந்து சாப்ட்டேன். ஆனா நீங்களே என்னய நம்பி அனுப்புறீங்க, எப்படிக்கா மாட்டேங்கிறது?"

துரத்துகிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை. நான் சோற்றை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன்.

அவள் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டமே வந்தது. ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தவள் தன் கெண்டம்மாவை எடுத்து நீட்டினாள். "நூல் நைஞ்சு போச்சுக்கா. உங்க நூல்ல ஒண்ணு கட்டித் தாங்க." எல்லாருக்கும் கட்டியிருக்கிறோம், அவளுக்கு மட்டும் வேலாயுதம் கட்டிய அந்தக் கடைநூல்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் கெண்டம்மாவில் இருந்து தொங்கிய நூலின் நடுவே பிடித்து, அவள் குண்டிலும் கட்டையிலும் கோர்த்து, வைண்டிங்காரி போடுகிற முடிச்சு ஒன்றைப் போட்டேன், மெஷின் முடிச்சை விட இறுக்கமாக. இனி என் பக்கம் வெட்ட வேண்டியது மட்டும்தான் பாக்கி. கண்டக்டர் விசில் ஊதினார். இடுப்பில் இருந்து கத்தரியை எடுத்து விரித்தேன்.

விரித்த கத்தரியோடு அப்படியே நின்றேன். முந்நூறு பிள்ளைகள் அவளைச் சுற்றி நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. அந்த முந்நூறில் ஏதாவது ஒருத்தி கேன்டீனில் அவள் எதிரே உட்காருவாள். அந்த டக் சத்தத்தை இனி அவர்கள்தான் கேட்பார்கள். அவள் 'சூப்பருக்கா' என்று வேறு யாரோ ஒரு அக்காவைப் பார்த்துச் சொல்வாள், மனசாரச் சொல்வாள். எனக்கு மாரிக்கனி மேல் பொறாமை ஒரு இழை கூட இல்லை. கண்ணால் பார்க்காத அந்த முந்நூறு பேர் மேல் வந்தது, வயிற்றின் அடியில் இருந்து வந்தது. பஸ் நகர்ந்தது, நூல் ஓடியது, நான் கத்தரியை மூடி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"வெட்டலயா?" என்றாள் சுப்புத்தாய் மதினி.

"போகட்டும் மதினி" என்றேன்.

பஸ் ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், அழகாபுரி, கல்லுப்பட்டி என்று போக, நூல் பின்னாலேயே போனது. திருமங்கலம், மதுரை, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம் என்று இரண்டு பஸ் மாறி அவள் போய்ச் சேர்கிற வரைக்கும் போனது. வழியில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் பால்கோவாக் கடை வாசலில் அதில் விளம்பர அட்டை மாட்டினார்கள். கல்லுப்பட்டியில் பாவாடை காயப்போட்டார்கள். திருமங்கலத்தில் ஒரு டிராபிக் போலீஸ்காரர் லாரி வரும்போதெல்லாம் அதைக் குச்சியால் தூக்கிப் பிடித்தார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் முருங்கைக்காய்க் கட்டுகளைத் தொங்கவிட்டார்கள், தாராபுரத்துக் காற்றாலைகளுக்கு நடுவில் மட்டும் அது கொஞ்சம் முனகியதாகச் சொன்னார்கள்.

ஷெட்டு எனக்குத் திரும்பி வந்தது. கெண்டம்மா என்றார்கள், சீடையை முதலில் என் கையில் வைத்தார்கள், ஒரு முழம் நூலுக்காகக் கூட யாரும் யாரையும் புகழவில்லை. நாலு மணி வாக்கில் என் கையில் இருக்கிற கட்டை ஒரு சுண்டு சுண்டும். அங்கே அவள் மூக்குத்தி போட்டிருக்கிறாள் என்று அர்த்தம். சில நாள் மூன்று சுண்டு, சில நாள் பத்து. யார் பார்க்கப் போட்டாளோ, யார் கை தட்டினார்களோ என்று ஒவ்வொரு சுண்டுக்கும் எனக்கு இங்கே ஒரு முழம் நீளும், தொய்ந்து கிடக்க விடாமல் ஷெட்டு ஜன்னல் வழியாக இழுத்துக் கோனில் சுற்றுவேன். நான் போடுகிற மூக்குத்தியும் அங்கே சுண்டுமாம், போனில் சொன்னாள். விடுதியில் நூறு பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள் என்றும் சொன்னாள், அன்றைக்கு எனக்கு நாலு கோன்.

ஏழாம் மாதத்தில் ஒரு தடவை, பேச்சை முடிக்கிற மாதிரி முடித்துவிட்டு, "ஷெட்டுல நான் நிக்கிற தூணுக்குப் பக்கத்துல இப்ப யாருக்கா நிக்கிறா?" என்று கேட்டாள்.

"கீழ மில்லுப் புள்ள ஒண்ணு. துளசிமணின்னு பேரு. தனியாச் சாப்ட்டுட்டுக் கெடந்துச்சு, நாந்தான் கூட்டியாந்தேன். நல்லாப் போடுறா" என்று உள்ளதைச் சொன்னேன்.

"ஓ" என்றாள். "நல்லதுக்கா" என்று வைத்துவிட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் நூல் தொய்ந்தது. எனக்கு எந்தப் பொறாமையும் வரவில்லை, துளசிமணியோடு சேர்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தேன், ஆனால் ஜன்னலுக்கு வெளியே நூல் தொய்ந்து ரோட்டில் கிடந்தது. இழுத்துச் சுற்றினேன். மறுநாளும் தொய்ந்தது. திருமங்கலத்துப் போலீஸ்காரர் காலில் சிக்குகிறது என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். நானும் மதினியும் வைண்டிங்கில் இருந்து நாலு பேரும் முறை போட்டு இழுத்தோம், கோன் கோனாக, மூட்டை மூட்டையாக, கல்லுப்பட்டிப் பாவாடை ஒன்றும் அதில் மாட்டிக்கொண்டு வந்தது, அதைத் திருப்பி அனுப்பினோம். பத்தொன்பதாம் நாள் ஜன்னல் கம்பியில் ஏதோ தடுக்கியது. தடவிப் பார்த்தேன். முடிச்சு. பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாக நான் போட்ட முடிச்சு, போட்டபடியே, அவிழாமல் வந்திருந்தது.

அதற்கு அப்பாலும் நூல் இருந்தது. ஜன்னலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, திருப்பூர் வரைக்கும் இருந்தது. என் கத்தரியை வைத்துப் பார்த்தேன், அது அறுபடவில்லை.

சுப்புத்தாய் மதினி வாங்கி இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டினாள். முறுக்கைப் பிரித்தாள், எண்ணினாள், இன்னொரு தடவை எண்ணினாள்.

"ஆறு பிரிதான். ஆனா இடப்பக்க முறுக்கு" என்றாள். "இது நம்ம நூலு இல்ல ஜெயக்கொடி."

எத்தனையோ நாளைக்குப் பிறகு என்னை அப்பன் வைத்த பேரில் கூப்பிட்டிருந்தாள். ஒன்றரைச் சாண் நூலைத் தாண்டாத பிள்ளை, இத்தனை ஊர் தூரம் எப்படி எரிந்திருக்கும், எவ்வளவு வலித்திருக்கும் என்று நினைத்தேன். பாவம் என்றும் நினைத்தேன். எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.